ஸ்வால்பார்ட் தீவுகளில் என்ன இருக்கிறது, அதை எப்படிக் கண்டறிந்தார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் வட முனைக்கும் வட துருவத்துக்கும் நடுவில், 74 முதல் 81 பாகை வட அட்சத்துக்குள் இருக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் பனியாறுகள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. இந்தத் தீவுகளின் இயற்கை வளங்களைப் பற்றிய அறிவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஆர்க்டிக்கில் எத்தனையோ தீவுகள் இருக்க, ஏன் ஸ்வால்பார்ட்?

இங்கே பூர்வகுடிகள் இல்லை. 1925 வரை எந்த நாட்டுக்கும் இது சொந்தமில்லை. வந்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். எதையோ தேடி வந்தவர்கள், கண்டதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டியவர்கள். முதலாளிக்கு அறிக்கை, அரசுக்கு மனு, அறிவியல் கழகத்துக்குக் கட்டுரை என்று நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தில் பதிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு தீவைப் பற்றிய அறிவு எப்படிப் பிறக்கிறது, எங்கே தவறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிகிற இடங்கள் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே எடுத்த பொருள்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிட்டன, அல்லது எடுப்பது கட்டுப்படியாகாமல் போயிற்று. எழுதி வைத்த பதிவுகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் கூடிக்கொண்டே வருகின்றன.

முதலில் கண்ணில் பட்ட வளம் எது? நிலக்கரியா?

இல்லை, கடல் விலங்குகள். 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் சீனாவுக்கு வடகிழக்கு வழி தேடிப் போனபோது இந்தத் தீவுகளைக் கண்டார். 1607-ல் ஹென்றி ஹட்சன் இந்தப் பக்கம் வந்து, திமிங்கிலங்களும் வால்ரஸ்களும் ஏராளம் என்ற செய்தியோடு திரும்பினார். 1610-ல் லண்டனின் மஸ்கோவி நிறுவனத்துக்காக ஜோனஸ் பூல் என்ற மாலுமி கடற்கரைகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். எங்கே கப்பல் நிறுத்தலாம், எங்கே திமிங்கிலம் கூடுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. இன்று கோங்ஸ்ஃபியோர்ட் எனப்படும் விரிகுடாவில் எரிக்கத்தக்க நிலக்கரி கிடக்கிறது என்பதையும் அவர் குறித்திருந்தார். அதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. திமிங்கிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டே வேட்டைக் கப்பல்கள் புறப்பட்டன. டச்சுக்காரர்கள் ஸ்மீரன்பர்க் என்ற இடத்தில் கொழுப்பு உருக்கும் அடுப்புகளைக் கட்டினார்கள். கரையோரத்தில் திமிங்கிலம் அருகியதும் நடுக்கடலுக்கும் பனிவிளிம்புக்கும் போனார்கள். கிரீன்லாந்துத் திமிங்கிலம் இந்தக் கடலில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. வால்ரஸுக்கு 1952-லும் துருவக் கரடிக்கு 1973-லும்தான் சட்டப் பாதுகாப்பு வந்தது. பூலின் அறிக்கையை இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது. அவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருவருடைய குறிப்புதான் அந்த விலங்குகளின் அழிவுக்கு வழிகாட்டியாக இருந்தது.

பாறைகளை முறையாக ஆராயத் தொடங்கியது யார்?

1827-ல் நார்வேயின் புவியியலாளர் பால்தசார் கெய்ல்ஹாவ் வந்தார். 1858 முதல் ஸ்வீடன்காரர்கள் தொடர்ந்து வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் அடால்ஃப் நோர்டன்ஷியோல்ட். பின்னாளில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் வட கரையோரமாகப் பசிபிக் வரை கப்பல் ஓட்டியவர் இவர்தான். இவர்கள் கொண்டுபோன தொல்லுயிர் எச்சங்களைச் சுவிட்சர்லாந்தின் ஓஸ்வால்ட் ஹேர் ஆராய்ந்தார். அகன்ற இலை மரங்கள் அங்கே காடாக வளர்ந்திருந்தன என்பது அப்படித்தான் தெரிய வந்தது. பனிப் பாலைவனத்தின் பாறைக்குள் இலைகளின் அச்சு!

ஸ்வால்பார்டில் புவியியல் படிப்பது ஒரு வகையில் எளிது. மண்ணும் மரமும் மூடாததால் மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பாறை அப்படியே தெரியும். லாங்யர்பியன் பக்கத்து நிலக்கரி சுமார் 6 கோடி ஆண்டு பழையது. பிரமிடன் என்ற ஊரின் நிலக்கரி 30 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. அந்தக் காலத்தில் இந்த நிலம் இன்னும் வெகு தெற்கே இருந்தது. ஒரே தீவில் இரண்டு வெவ்வேறு உலகங்களின் காடுகள் கரியாகிக் கிடக்கின்றன.

பாறையைத் தெரிந்துகொண்டதால் பலன் உடனே வந்துவிடவில்லை. கேப் தோர்ட்சன் என்ற இடத்தில் பாஸ்பேட் எடுக்கலாம் என்று நம்பி 1872-ல் ஸ்வீடன்காரர்கள் ஒரு வீடு கட்டினார்கள். படிவு போதாது என்று கைவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனியில் கப்பல் சிக்கிய 17 வேட்டைக்காரர்கள் அந்த வீட்டில் தஞ்சம் புகுந்தார்கள். உணவு நிறைய இருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நெடுங்காலம் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் என்றே சொல்லி வந்தார்கள். 2008-ல் கல்லறையைத் திறந்து எலும்புகளைச் சோதித்தபோது ஈய நஞ்சு தெரிந்தது. டின் உணவின் பற்றவைப்பிலிருந்து கசிந்த ஈயம் அது.

நிலக்கரிக்கு எப்போது போட்டி தொடங்கியது?

1899-ல். ட்ரோம்சோவைச் சேர்ந்த சோரன் சக்கரியாசன் என்ற கப்பல் தலைவர் ஈஸ்ஃபியோர்ட் விரிகுடாவிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்து விற்றார். பூல் எழுதி ஏறத்தாழ 290 ஆண்டு கழித்துத்தான் அந்தச் செய்திக்கு விலை பிறந்தது. நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டதுதான் காரணம்.

அப்புறம் பலகைகளின் காலம். நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால், ஒரு கம்பத்தை நட்டு, "இந்த விரிகுடா முதல் அந்த மலை வரை எங்களுடையது" என்று எழுதிவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நார்வே, ஸ்வீடன், பிரிட்டன், அமெரிக்கா, ரஷ்யா என எல்லா நாட்டாரும் பலகை நட்டார்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் நட்டதும் உண்டு. ஆழமாகப் பார்க்காமல், முதலீட்டாளரிடம் காட்டுவதற்கென்றே எழுதிய அறிக்கைகளும் இந்தக் காலத்தில் பெருகின.

நிலைத்து வேலை செய்தவர்கள் சிலரே. 1901-ல் சுற்றுலாவாக வந்த அமெரிக்கர் ஜான் மன்ரோ லாங்யர் 1906-ல் ஆர்க்டிக் கோல் கம்பெனியைத் தொடங்கினார். அவர் பெயரில் எழுந்த ஊர்தான் இன்றைய தலைநகர் லாங்யர்பியன். 1916-ல் அதை நார்வேயின் ஸ்டோர் நோர்ஸ்கே நிறுவனம் வாங்கியது. அங்கே கரிப்படுகை மலையின் உயரத்தில் இருப்பதால் சுரங்க வாயும் உயரத்தில். கரி கம்பிவட வாளிகளில் கீழே இறங்கியது. அந்த மரத் தூண்கள் இன்றும் சரிவுகளில் நிற்கின்றன. பிரமிடனை ஸ்வீடன்காரர்களிடமிருந்தும் பாரன்ட்ஸ்பர்க் என்ற ஊரை டச்சுக்காரர்களிடமிருந்தும் சோவியத் ஒன்றியம் வாங்கியது.

தோற்றுப்போன முயற்சிகளைப் பற்றிச் சொல்லுங்களேன்?

இதைச் சொல்லாமல் ஸ்வால்பார்ட் கதை முழுமை பெறாது. எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 1911-ல் கோங்ஸ்ஃபியோர்டின் ப்ளோம்ஸ்ட்ரான்ட் பகுதியில் பளிங்கு வெட்டத் தொடங்கினார். வீடுகள், கொதிகலன், தண்டவாளம், பாரம் தூக்கி என்று ஒரு சிறு ஊரே எழுந்தது. பளிங்கு உண்மையில் அங்கே இருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்தும் இளகியும் உள்ளுக்குள் விரிசல் விட்ட கல் அது. நல்ல பாளமாக வெட்டி விற்க முடியவில்லை. மேற்பரப்பைப் பார்த்து ஆழத்தை ஊகித்ததுதான் தவறு. சில துளைகள் போட்டு உள்ளே இருக்கும் கல்லைச் சோதித்திருந்தால் அந்தக் கொதிகலனை அங்கே இறக்கியிருக்கவே தேவையில்லை.

ஸ்கான்ஸ்புக்தா என்ற இடத்தில் ஜிப்சத்துக்கும் இதே கதி. வெளியே ஜிப்சம், கொஞ்சம் உள்ளே போனால் நீர்ச்சத்து இல்லாத அன்ஹைட்ரைட், அது சிமென்ட் வேலைக்கு உதவாது. கரடித் தீவில் ஈயத் தாதுவைத் தோண்டிப் பார்த்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை.

மான்ஸ்ஃபீல்டின் பளிங்குக் குன்று அந்தக் காலத்தில் தீபகற்பம் என்றே கருதப்பட்டது. பனியாறு பின்வாங்கிய பிறகு, 1990-களில், அது ஒரு தனித் தீவு என்பது தெரிந்தது. பெயரில் மட்டும் இன்னும் தீபகற்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் உரிமையை எப்படித் தீர்த்தார்கள்?

1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் ஸ்வால்பார்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1925-ல் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை நார்வேக்கு. ஆனால் மீன்பிடித்தல், வேட்டை, சுரங்கம் போன்ற தொழில்களில் ஒப்பந்த நாடுகளின் குடிமக்கள் எல்லோருக்கும் சம உரிமை. அங்கே வசூலிக்கும் வரியை அங்கேயே செலவிட வேண்டும். போர் நோக்கங்களுக்குத் தீவைப் பயன்படுத்தக் கூடாது.

பழைய பலகைக்காரர்களின் கோரிக்கைகளை விசாரிக்க டென்மார்க்கைச் சேர்ந்த ஓர் ஆணையர் நியமிக்கப்பட்டார். வரைபடத்தோடு மனு கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதுதான் பெரிய திருப்பம் என்பேன். அதுவரை கத்திச் சொன்னவனுக்கு உரிமை. இப்போது அளந்து காட்டியவனுக்கு உரிமை. 1925-ன் சுரங்க விதிகளும் அப்படித்தான். கனிமம் இருப்பதற்கான புவியியல் அறிகுறியைக் காட்டினால் ஒரு பரப்பு ஒதுக்கப்படும். அதை வைத்திருக்க வேண்டுமானால் வேலையும் செய்து காட்ட வேண்டும்.

வரைபடங்களை உருவாக்கியது யார்?

பலர். மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் பணம் கொடுத்து, நார்வே ராணுவ அதிகாரி குன்னர் இசாக்சன் 1906-லும் 1907-லும் வடமேற்குப் பகுதியை அளந்தார். அந்தக் குழுவில் இளம் புவியியலாளராக வந்த அடால்ஃப் ஹூல் அதன் பிறகு ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் இந்தத் தீவுகளையே ஆராய்ந்தார். அவர் 1928-ல் தொடங்கிய ஆய்வு அமைப்பு 1948-ல் நார்வே துருவ நிறுவனமாக மாறியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நாஜி ஆதரவுக் கட்சியில் இருந்ததற்காகப் போருக்குப் பின் ஹூல் தண்டிக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் திரட்டிய அளவீடுகள் மட்டும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. 1936-லும் 1938-லும் பெர்ன்ஹார்ட் லுங்கே தலைமையில் கடல் விமானத்திலிருந்து சாய்கோணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். வரைபடம் தயாரிப்பதுதான் நோக்கம். பனி உருகுவதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. ஆனால் 2022-ல் ஓர் ஆய்வுக் குழு அதே படங்களைக் கணினியில் இணைத்து, 1936-ல் இருந்த பனியாறுகளின் முப்பரிமாண உருவத்தைத் திரும்பக் கட்டியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பனியாறுகளின் இழப்பை அதை வைத்துக் கணக்கிட முடிந்தது. ஒரு நோக்கத்துக்காகக் கவனமாகச் சேர்த்த தரவு, எண்பது ஆண்டுக்கு மேல் கழித்து முற்றிலும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

எண்ணெய், எரிவாயு இருக்கிறதா?

தேடினார்கள். 1960-கள் முதல் 1990-கள் வரை பதினைந்துக்கும் மேற்பட்ட ஆழ்துளைகள் போடப்பட்டன. வணிக அளவில் எதுவும் அகப்படவில்லை. காரணம் பாறையின் வரலாறு. இந்த அடுக்குகள் ஒரு காலத்தில் மிக ஆழத்தில் புதைந்து இறுகிப்போனவை. பிறகு மேலே தூக்கப்பட்டு அரிக்கப்பட்டன. மணற்கல்லின் நுண்துளைகள் அடைபட்டுப் போயின. எரிவாயுவில் பெரும்பகுதி தப்பியும் போயிருக்கும்.

இருந்தும் எண்ணெய்ப் புவியியலாளர்கள் ஆண்டுதோறும் இங்கே வருகிறார்கள். பாரன்ட்ஸ் கடலின் அடியில் இருக்கும் அதே அடுக்குகள் ஸ்வால்பார்டில் நிலத்துக்கு மேலே தெரிகின்றன என்பதுதான் காரணம். பெட்டிக்குள் மடித்து வைத்த சேலையின் முந்தானை மட்டும் வெளியே தொங்கினால், கரையும் நிறமும் தெரிந்துவிடும் அல்லவா, அதுபோல. கடலில் துளை போட ஆகும் செலவோடு பார்த்தால் மலைச்சரிவில் நடந்து படிப்பது ஒன்றுமே இல்லை.

அந்தப் பழைய துளைகளும் வீண் போகவில்லை. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போட்ட துளைகளின் பதிவேடுகளை ஸ்வால்பார்ட் பல்கலைக்கழக மையமான யூனிஸின் ஆய்வாளர்கள் திரும்பப் படித்தார்கள். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணின் அடியில் மீத்தேன் வாயு பல இடங்களில் சிக்கியிருப்பது தெரிந்து, 2023-ல் வெளியிட்டார்கள். உறைமண் இளகினால் அந்த வாயு வெளியேறும் என்பதுதான் இப்போதைய கவலை. துளை போட்டவர்களுக்கு அது வெறும் தொந்தரவு. நல்லவேளை, குறித்து வைத்தார்கள்.

களத்தில் வேலை எப்படி நடக்கிறது?

பருவத்தைப் பொறுத்தது. லாங்யர்பியனில் அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. மார்ச்சிலிருந்து மே வரை வெளிச்சமும் உண்டு, பனியும் உறுதியாக இருக்கும். ஸ்னோமொபைலில் நெடுந்தூரம் போகலாம். பனிமேல் இழுத்துப் போகும் கருவிகளால் நில அதிர்வு அளவீடும் செய்யலாம். கோடையில் படகும் நடையும்தான். பாறையைத் தொட்டுப் பார்க்கிற காலம் அது.

ஊரை விட்டு வெளியே போனால் துருவக் கரடியை விரட்ட வழி வைத்திருக்க வேண்டும், துப்பாக்கிப் பயிற்சியும் வேண்டும். உறைமண் கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் சுமார் 100 மீட்டர், மலைகளில் 400 மீட்டருக்கும் மேல் தடிமன். துளைக்குள் விடும் நீரே உறைந்துவிடும் என்பதால் துளையிடுவதே ஒரு தனிக் கலை. மாதிரி எடுக்க, ஹெலிகாப்டரை இறக்க ஆளுநர் அலுவலகத்தின் அனுமதி தேவைப்படலாம். தீவு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாக்கப்பட்ட பகுதி. 1946-க்கு முந்தைய மனிதச் சுவடு எதுவானாலும் சட்டப்படி பாரம்பரியச் சின்னம். மான்ஸ்ஃபீல்டின் துருப்பிடித்த கொதிகலனையும் நகர்த்தக் கூடாது.

சுரங்கங்கள் இன்னும் ஓடுகின்றனவா?

நார்வேயின் கடைசிச் சுரங்கமான 7-ஆம் எண் சுரங்கம் 2025 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. லாங்யர்பியனின் நிலக்கரி மின் நிலையம் 2023-லேயே நின்று, டீசலுக்கு மாறியது. ஸ்வேயா என்ற சுரங்க ஊரில் பெருஞ்செலவில் திறந்த லுங்கெஃபியெல் சுரங்கம் கரி விலை சரிந்ததால் முழு உற்பத்திக்கே வராமல் மூடப்பட்டு, அந்த இடமே பழைய நிலைக்குத் திருப்பப்பட்டது. பாரன்ட்ஸ்பர்கில் ரஷ்யர்கள் சிறிய அளவில் தோண்டுகிறார்கள். பிரமிடன் 1998-லேயே ஓய்ந்துவிட்டது.

நீ-ஒலெசுன்ட் என்ற சுரங்க ஊரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 1962 நவம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் உயிரிழப்புகள் நடந்த சுரங்கம் அது. அரசுக்குச் சொந்தமான சுரங்கத்தில் பாதுகாப்பு இவ்வளவு மோசமா என்று நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வி, 1963-ல் பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசையே கவிழ்த்தது. சுரங்கம் மூடப்பட்டு, அந்த ஊர் பல நாடுகளின் ஆய்வு ஊராக மாறியது. இன்று அங்கே விண்ணிலிருந்து வரும் நுண்ணிய ரேடியோ அலைகளைக் கேட்கும் பெரிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன. வருகிறவர்கள் கைப்பேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும்.

கடலின் வளம் யாருக்கு?

இதுதான் இன்று சூடான கேள்வி. 1977-ல் நார்வே 200 கடல் மைல் மீன்வளப் பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. ஒப்பந்தத்தின் சம உரிமை கரையோரக் கடலோடு நின்றுவிடுகிறது என்பது நார்வேயின் நிலை. மற்ற நாடுகள் சில அதை ஏற்பதில்லை. 1996-ல் பாரன்ட்ஸ் கடலில் முதன்முதலாகத் தென்பட்ட பனி நண்டு பெருகியதும் அதைப் பிடிக்கும் உரிமை பற்றிய வழக்கு முற்றியது. கண்டத்திட்டில், அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலத்தில், ஒப்பந்தம் செல்லாது என்று 2023 மார்ச்சில் நார்வே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சண்டை நண்டுக்கு மட்டும் அல்ல. கண்டத்திட்டின் கனிமங்களும் அதே கேள்விக்குள் அடங்கும்.

காட் மீனைப் பொறுத்தவரை நார்வேயும் ரஷ்யாவும் பல பத்தாண்டுகளாகக் கூட்டாகக் கணக்கெடுத்து, அதை வைத்து ஆண்டுதோறும் பிடிக்கும் அளவை முடிவு செய்கின்றன. அரசியல் எவ்வளவு கெட்டாலும் இந்த எண்ணிக்கை வேலை நிற்கக் கூடாது. நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குத் திமிங்கிலம்தான் சாட்சி.

இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

1920 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்திருந்தது. அந்த உரிமையைச் சுரங்கம் தோண்ட யாரும் பயன்படுத்தவில்லை. 2007-ல் முதல் இந்திய ஆய்வுக் குழு போனது. 2008 ஜூலையில் நீ-ஒலெசுன்டில் ஹிமாத்ரி நிலையம் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசியத் துருவ, கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. 2014-ல் கோங்ஸ்ஃபியோர்டின் அடியில் இண்டார்க் என்ற ஆய்வு மிதவைத் தொடரைக் கட்டினார்கள். அதை உருவாக்கியதில் சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. நீரின் வெப்பம், உப்புத்தன்மை போன்றவற்றை ஆண்டு முழுவதும், இருளிலும், அது அளக்கிறது. ஆர்க்டிக் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பு இந்திய ஆய்வுகளின் முக்கியக் கேள்விகளில் ஒன்று. 2023 டிசம்பரில் முதல் குளிர்கால ஆய்வுக் குழுவும் போனது.

நான் விஞ்ஞானி இல்லை. இதையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

நார்வே துருவ நிறுவனத்தின் டோப்போஸ்வால்பார்ட் என்ற இணைய வரைபடம் இலவசம். மலைகளை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்க்கலாம். யூனிஸின் ஸ்வால்பாக்ஸ் தளத்தில் பாறைச் சரிவுகளின் கணினி உருவங்கள் உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஆய்வுத் திட்டங்களை ரிஸ் என்ற பதிவேட்டில் தேடலாம். கல்லூரியில் புவியியலோ உயிரியலோ படிப்பவர்கள் யூனிஸின் பாடத்திட்டங்களைப் பாருங்கள். இந்திய ஆய்வாளர்கள் கோவா மையம் ஆர்க்டிக் பயணத்துக்கு முன்மொழிவு கேட்கும் அறிவிப்புகளைக் கவனிக்கலாம். நேரில் போக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் நார்வே வழியாகத்தான் பொதுவாகப் போக முடியும். பல ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்கு வெளியே ஸ்வால்பார்ட் இருப்பதால், திரும்பி வரும்போது மீண்டும் நுழைய வேண்டியிருக்கும். இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.